ஆபரேஷன் முடிந்ததும் எந்த வீட்டுக்கு: ஊருக்கா, மதுரைக்கா, சென்னைக்கா?

"அப்பச்சிக்கு மதுரையில் குடல் ஆபரேஷன், தேதி குறித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நம் ஊருக்கே கூட்டி வந்துவிடலாமா ஆச்சி? மதுரையில் ஒரு வீடு பார்க்கலாமா? தம்பி சென்னைக்கு வரச் சொல்கிறான்."

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தங்கை போன வாரம் என்னிடம் கேட்டது இது. (காரைக்குடியைச் சுற்றிய எங்கள் செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, ஆச்சி என்றால் அக்கா.) இதற்கு முன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதே இடத்தில் நின்றேன், சரியாக யோசிக்காமல் முடிவு செய்தேன்.

எங்கள் ஆத்தாவுக்கு 68 வயதில் பெருங்குடலில் கட்டி. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். "நம்ம வீட்டுக் காத்துப் பட்டாலே தேறிருவேன்" என்றார்கள் ஆத்தா. அப்படியே காரில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தோம். மூன்றாம் நாள் இரவு கட்டுத் துணி முழுக்க நனைந்திருந்தது. சீழும் இல்லை, ரத்தமும் இல்லை, வெளிர்சிவப்பில் தண்ணீர் மாதிரி ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த எண்ணை அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. இரவு 1 மணிக்குக் கிளம்பினோம். மதுரை போய்ச் சேரும்போது 3 ஆகிவிட்டது. உள்தையல் விட்டுப்போயிருந்தது, மறுபடி தைத்தார்கள். இன்றைக்கு ஆத்தா நன்றாக இருக்கிறார்கள். ஆனால் பின் சீட்டில் அவர்கள் வயிற்றைத் துண்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் இதை எழுத வைக்கிறது.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

முதலில் தூரம். குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு வந்தால், பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தெரியும். வெட்டிய இடம் பிரிவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். நோயாளியை மறுநாளே எழுப்பி நடக்கவிட்டு, சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் முறை 1990களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன் வழிகாட்டிப் பரவியது. நோயாளிக்கு நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்த அந்தக் கண்டத்து நாட்களில் பாதி இப்போது நம் வீட்டில் கழிகிறது. அதனால், முதல் இரண்டு வாரம் ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். சிறு துளை போட்டுச் செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை அதேதான். வெளிக்காயம் சின்னதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இரண்டாவது, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் எத்தனை அடி, எத்தனை படி. மூன்றாவது, இரவில் பக்கத்தில் படுக்கப்போவது யார். "எல்லாரும் இருக்கோம்" என்பது பதில் ஆகாது. பெயர் சொல்ல வேண்டும். அப்புறம் சாப்பாடு, பார்க்க வருகிறவர்கள், கடைசியாகப் பணம். பணத்தில் ஆஸ்பத்திரி பில் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போகிற செலவுகளைத்தான் ஒவ்வொரு வீட்டின் கீழும் சொல்லப்போகிறேன்.

| | ஊர் வீடு | மதுரை / திருச்சி வாடகை | சென்னை அடுக்ககம் |
|---|---|---|---|
| சர்ஜனிடம் போக | 2 மணி நேரம் | சில நிமிடம் | ஆபரேஷன் சென்னையில் நடந்தால் மட்டும் பக்கம் |
| கழிப்பறை | பெரும்பாலும் தூரம், நிலைப்படிகள் | பார்த்து எடுக்கலாம் | பக்கத்திலேயே, மேற்கத்திய வகை |
| இரவுத் துணை | ஆள் உண்டு, பழக்கம் குறைவு | ஒரே ஆள், களைத்துப்போவார் | சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் |
| நடக்க இடம் | தாராளம் | குறைவு | வராந்தாவும் லிஃப்டும் |
| மறைந்த செலவு | வீட்டைத் தயார் செய்வது, கார் நடைகள் | அட்வான்ஸ், இரண்டு அடுப்பு | லீவு, ஆள் சம்பளம் |

## ஊர் வீடு

நல்லதை முதலில் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பின் நடைதான் பாதி மருந்து. காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், குடல் மறுபடி அசையவும், நுரையீரலில் சளி கட்டாமல் இருக்கவும் ஒரு நாளைக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். அதற்கு நம் வளவு (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) மாதிரி ஓர் இடம் எந்த அடுக்ககத்திலும் கிடைக்காது. மாடிப்படி இல்லை, வெயில் இல்லை, வண்டி இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த சமதரை, தூணைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வரலாம். ஆத்தா இரண்டாம் முறை ஊருக்கு வந்த பிறகு காலையில் ஐந்து சுற்று, மாலையில் ஐந்து சுற்று என்று ஆரம்பித்தார்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்தக் கல் ஈரமானால் வழுக்கும். துடைத்து முழுக்கக் காய்ந்த பிறகுதான் நடக்கவிட வேண்டும்.

வெளிச்சமும் காற்றும்கூட வெறும் ஆசைக்குச் சொல்வதில்லை. 1984-ல் ரோஜர் உல்ரிக் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை எடுத்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அதைப் படித்தபோது முற்றத்தில் விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டு ஆத்தா படுத்திருந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது சிரமங்கள். நம் வீடுகள் கல்யாணத்துக்கும் சாமான் வைக்கவும் கட்டியவை, நோயாளிக்காகக் கட்டியவை இல்லை. முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும். கழிப்பறை கடைசியில் கொல்லைப் பக்கம். நடுவில் ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி. தையல் போட்ட வயிற்றோடு காலைத் தூக்கித் தாண்டுவது, அதுவும் இரவில், சாதாரண விஷயம் இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறையில் இறங்கி எழுவதும் முதல் வாரங்களில் முடியாது. கழிப்பறை கட்டிக்கொள்ளலாம் என்றால், பங்கு வீடாக இருந்தால் பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஆபரேஷன் தேதிக்குள் நடக்கிற காரியமா என்று நீங்களே பாருங்கள். எளிய வழி, அடியில் பாத்திரம் உள்ள கமோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கட்டில் பக்கத்திலேயே போட்டுவிடுவது. வளவு அறைகள் சின்னவை, இருட்டு. கட்டிலைப் பட்டாலை என்கிற கூடத்தில் போட்டு ஒரு திரை கட்டிவிட்டால் போதும். பாயில் படுக்கவைக்கவே கூடாது. தரையிலிருந்து எழும்போது வயிற்றுத் தசை முழுக்க இழுபடும்.

பூட்டிக் கிடந்த வீடு என்றால் இன்னும் வேலை இருக்கிறது. வௌவால், புறா எச்சம், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கரண்ட் போனால் ஃபேன் ஓட இன்வெர்ட்டர். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே திறந்து சுத்தம் செய்து, ஒரு ராத்திரி நீங்களே அங்கே படுத்துப் பாருங்கள். எது குறை என்று அப்போது தெரியும்.

சாப்பாடு. இதில் ஊர்தான் வெல்லும் என்று எல்லாரும் நினைப்பார்கள், எனக்குப் பயமே இங்கேதான். பத்தியம் என்ற பெயரில் மாதக் கணக்கில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமுமாகக் கொடுப்பார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, எடையில் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 72-லிருந்து 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் சுமார். அப்படியென்றால் ரசம் சாதம் எங்கே போய் நிற்கும்? பருப்பு, முட்டை, மீன், தயிர், பால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும். குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதல் சில வாரம் நார் அதிகமுள்ளவை வேண்டாம் என்பார்கள். கவுனி அரிசியும் வாழைத்தண்டும் நல்லதாயிற்றே என்று ஆசையோடு ஆக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை பிறகு. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக் கும்மாயம் என்ற நம் ஊர் இனிப்பைக் கொஞ்சம் கொடுக்கலாம், உளுந்தும் பருப்பும் உள்ளே போகும்.

பார்க்க வருகிறவர்கள். வராமல் இருந்தால் ஆத்தாவே வருத்தப்பட்டிருப்பார்கள், அது நம் ஊர்ப் பாசம். ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் ஹார்லிக்ஸோடும் ஆப்பிளோடும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கள் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனால் நோயாளி எப்போது தூங்குவது? நாங்கள் மாலை 5-லிருந்து 6 வரை, முகப்பில் மட்டும் என்று வைத்தோம். இருமல் சளி உள்ளவர்களைத் திண்ணையோடு அனுப்பினோம். சிலருக்குக் கோபம்தான். பரவாயில்லை.

அன்றாடக் கட்டு மாற்றுவது காரைக்குடியிலேயே நடக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வயிற்றை மறுபடி திறக்கும் நிலை வந்தால்தான் தூரம் கடிக்கும். 108-ல் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன வெட்டி எங்கே இணைத்தார்கள் என்பது தெரிய வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

ஊர் வீடு எப்போது சரி: ஆபரேஷனே காரைக்குடியில் நடந்தால். அல்லது சிக்கல் இல்லாத ஆபரேஷனாக இருந்து, இரவு விழிக்க இரண்டு பேர் முறை வைத்து இருந்தால். இரண்டு வாரம் தாண்டிவிட்டால், அநேகமாக எல்லாருக்கும் இதுதான் சிறந்த இடம்.

## மதுரையிலோ திருச்சியிலோ வாடகைக்கு

காரைக்குடியிலிருந்து இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: அந்த முதல் இரண்டு வாரத்தில் கட்டு நனைந்தால், காய்ச்சல் அடித்தால், ஆட்டோவில் போய்விடலாம். தையல் பிரிப்பது, சதைப் பரிசோதனை முடிவு, அடுத்து மருந்து வேண்டுமா என்ற பேச்சு எல்லாமே பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும். ஊரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் போய்வர 180 கிலோமீட்டர். மூன்று நடை போனால் கார் வாடகையிலேயே பத்து நாள் அறை வாடகையில் நல்ல பங்கு போய்விடும். ஆத்தாவுக்கு அந்த ஒவ்வொரு வேகத்தடையும் வயிற்றில் தெரிந்தது.

பத்துப் பதினைந்து நாளுக்குச் சாதாரண வீட்டுக்காரர்கள் கொடுக்க மாட்டார்கள். மாத வாடகையும் அட்வான்ஸும் கேட்பார்கள். சமையலறையோடு நாள் வாடகைக்குக் கிடைக்கும் அறைகள் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி இருக்கும், சில மருத்துவமனைகளே விடுதியும் வைத்திருக்கும். அட்மிஷனுக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா, தரைத்தளமா, கட்டில் முழங்கால் உயரம் இருக்கிறதா, கழிப்பறையில் பிடிக்க ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கணக்கில் வராத செலவு உடன் இருக்கும் ஆளின் உடம்பு. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் நாற்காலியில் தூங்கியவர், இங்கே மறுபடி சமையல், மருந்து, இரவு விழிப்பு என்று தனியாக நிற்பார். ஆத்தாவுக்கு மறுபடி தைத்த பிறகு மதுரையில் தங்கியபோது எனக்கு அப்படித்தான் ஆனது, பத்தாம் நாள் எனக்கே காய்ச்சல். இரண்டாவது ஆள் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

எப்போது சரி: குடல், கணையம், ஈரல் போல உள்ளே இணைப்பு உள்ள ஆபரேஷன், வயிற்றில் மலம் சேரும் பை வைத்து அனுப்பப்படுகிறவர்கள், ஏனென்றால் பை மாற்றும் பழக்கம் கைவரும்வரை சொல்லிக்கொடுக்கும் நர்ஸ் பக்கத்தில் வேண்டும், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், 70-ஐத் தாண்டியவர்கள்.

## சென்னையில் பிள்ளைகள் வீடு

மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டு பத்தாம் நாள் சென்னைக்குப் போவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 400 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் போனாலும் ஆறேழு மணி நேரம் உட்கார வேண்டும். பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் வரை காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அது கூடும். போய்ச் சேர்ந்த ஊரில் நம் சர்ஜனும் இருக்க மாட்டார். சென்னை என்றால் ஆபரேஷனையும் சென்னையிலேயே செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் இது நல்ல வழி. லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை, 12 மணி நேர முறையில் வரும் உதவியாளர் எல்லாம் கிடைக்கும். மேற்கொண்டு புற்றுநோய் மருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும் என்றால், மாதக் கணக்கில் அலையாமல் இருக்க இதுதான் வசதி. ஊரில் அப்பச்சியும் ஆத்தாவும் தனியாக, இருவருமே தளர்ந்தவர்கள் என்றாலும் இதுதான்.

ஆனால் பிள்ளை வீடு செலவில்லாத வீடு என்று நினைக்காதீர்கள். உதவியாளர் சம்பளத்தைச் சாதாரணமாக இன்ஷூரன்ஸ் தராது. அதைவிடப் பெரியது லீவு. மகன் வீடு என்று சொல்கிறோம், லீவு போடுவது பெரும்பாலும் மருமகள். வேலை, குழந்தையின் பள்ளிக்கூடம், மாமனாரின் வயிற்றுக் கட்டு எல்லாம் அந்த ஒரு பெண் தலையில் விழும். "அவ பாத்துக்குவா" என்று மகன் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், அந்தப் பெண்ணிடமே நேராகக் கேளுங்கள். எத்தனை நாள் முடியும், எது முடியாது என்று அவள் வாயால் சொல்லட்டும்.

இன்னொன்று தனிமை. காலை 9-லிருந்து மாலை 6 வரை கதவைச் சாத்திய வீட்டில், ஊரில் திண்ணையில் உட்கார்ந்து பழகிய மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடும் இறங்காது, நடக்கவும் மனம் வராது.

ஆஸ்பத்திரியிலேயே இன்னும் ஒரு வாரம் இருந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் இருந்தால் இன்ஷூரன்ஸ் தராது, ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும்.

## அந்தத் தங்கைக்கு நான் சொன்னது

மதுரையில் ஆபரேஷன் என்றால், தையல் பிரிக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 14-ஆம் நாள் வரை, மதுரையிலேயே அறை எடுங்கள். அதன் பிறகு ஊர். கிளம்பும் நாளில் கார் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள், வழியில் ஒரு தடவையாவது இறக்கி நடக்கவிடுங்கள். சென்னைத் தம்பி சும்மா இருக்க வேண்டாம். அந்த 14 நாளில் ஒரு வாரம் அவர் மதுரையில் வந்து இரவு படுக்கட்டும், வாடகையில் பாதியைக் கொடுக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனுக்கும் அந்த மருத்துவமனைக்கும் அது பொருந்துமா என்று அட்மிஷனுக்கு முன்பே விசாரியுங்கள். தனியார் பாலிசி என்றால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்துச் செலவை, பல பாலிசிகளில் 60 நாள் வரை, கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

## எந்த வீடானாலும் முன்பே செய்ய வேண்டியவை

புகை பிடிப்பவர் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தசோகை, சர்க்கரை இரண்டையும் தேதி குறித்த அன்றே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை, டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, சித்த மருந்து எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் அரை மணி நடை, முடிந்த அளவு.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். பலரும் அதை ஊதுகிறார்கள். அதை உறிஞ்ச வேண்டும், மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பழகினால்தான் பின்னால் வலியில் செய்ய வரும். அதே போல, ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழுவதையும் இப்போதே பழக்குங்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுத் தோலில் போடும் ரத்த உறைவு ஊசியைப் புற்றுநோய் ஆபரேஷனில் 4 வாரம் வரைகூட எழுதுவார்கள். வீட்டில் ஒருவர் அதைப் போடக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

ஆறு வாரம் வரை எடை தூக்கக் கூடாது. நிறைகுடம் 15 கிலோ, பேரப்பிள்ளை 12 கிலோ. இரண்டும் வேண்டாம். உள்ளே தசை சேர்வதற்கு முன் தூக்கினால் அந்த இடத்திலேயே குடலிறக்கம் வரலாம். கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும், முக்காமல் இருக்க மருந்து கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருந்தது இது: காய்ச்சல் 100.4-க்கு மேல். கட்டு திடீரென்று நனைவது, காயம் சிவந்து வீங்குவது, சீழ். வயிறு உப்பி வாந்தி, காற்றோ மலமோ பிரியாமல் இருப்பது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது. சிறுநீர் போகாமை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இதில் ஒன்று வந்தாலும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, உடனே கிளம்ப வேண்டும். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் என்றால் 108. தாளின் அடியில் வார்டு எண், சர்ஜன் எண், கார் டிரைவர் எண். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின இரவே, மணி 11-க்கு மேல் அந்த வார்டு எண்ணுக்கு ஒரு தடவை போன் செய்து பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், எடுக்கிற எண் எது என்று மறுநாள் கேட்டு வாங்கிய பிறகு கிளம்புங்கள்.